எண் மட்டும் உள்ள மனிதர்கள்

லைன்மேன் என்றதும் நமக்கு மின்கம்பத்தில் ஏறுபவர்தான் ஞாபகத்துக்கு வருவார். கரண்ட் இருக்கும்வரை அவரை யாரும் நினைப்பதில்லை, போனால்தான் தேடுவோம். அமெரிக்கக் கால்பந்திலும் லைன்மேன் என்று ஒரு ஆள் உண்டு. வேலை வேறு, தலைவிதி கிட்டத்தட்ட அதேதான்.

பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரங்களிலும் டாக்கிள். எதிரணியின் முரட்டு ஆட்கள் குவார்ட்டர்பேக் மேல் விழாமல் மூன்று விநாடி தடுத்து நிறுத்தினால் போதும், அவர் பந்தை வீசிவிடுவார். அரங்கம் எழுந்து நின்று கத்தும், வீசியவருக்காகவும் பிடித்தவருக்காகவும். இந்த ஐந்து பேரும் அந்நேரம் யாரையோ கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். வழக்கமான ஆட்டத்தில் முன்னோக்கி வீசப்படும் பந்தை அவர்கள் பிடிக்கக்கூடச் சட்டம் இல்லை. எத்தனை கஜம் ஓடினார், எத்தனை பந்து பிடித்தார் என்ற கணக்கெல்லாம் மற்றவர்களுக்கு. லைன்மேன் கவனம் பெறுவது தப்பு செய்யும்போதுதான். சீக்கிரம் அசைந்துவிட்டால் 5 கஜம், எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டால் 10 கஜம் அபராதம். நடுவர் மைக்கை ஆன் பண்ணி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவருடைய எண்ணைச் சொல்வார். பெயரைக்கூட இல்லை, எண்ணை.

இப்படி ஒரு இடத்துக்கு யார் ஆசைப்படுவார்கள்? யாரும் தன்னை உற்றுப் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிற ஒருவன் ஆசைப்படுவான்.

ரயன் ஓகாலகன் 1983ல் பிறந்தார். வளர்ந்தது வடக்கு கலிஃபோர்னியாவின் ரெடிங் நகரம். கலிஃபோர்னியா என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரெடிங் பழமைவாதம் ஊறிய ஊர். தான் தன்பாலீர்ப்பாளன் என்பது சிறுவயதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அதைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். உயர்நிலைப் பள்ளியில் கால்பந்து ஆடப் போனதற்கு அவர் பின்னாளில் சொன்ன காரணம் நேரடியானது: கால்பந்து ஆடுகிறவனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆறடி ஏழங்குலம், கிட்டத்தட்ட 150 கிலோ. உடம்பே பாதி வேஷம். மீதிக்கு வாயில் புகையிலை, கசங்கிய உடை, முரட்டுப் பேச்சு. பெண் தோழி ஏன் இல்லை என்று எவனாவது கேட்டால் இருக்கவே இருக்கிறது, ஆட்டமும் பயிற்சியும். பெர்க்லியில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். அங்கே அவர் பாதுகாத்த குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ். 2006ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி டிராஃப்டின் ஐந்தாவது சுற்றில் அவரை எடுத்தது. மொத்தம் ஏழு சுற்று. 136வதாக வந்தது அவர் பெயர்.

ஐந்தாவது சுற்றில் எடுக்கப்பட்ட டாக்கிளின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கர்கள் இத்தகைய ஆட்களை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். வேலை தெரிந்தவர், ஆனால் தவிர்க்க முடியாதவர் இல்லை. யாருக்காவது முட்டி போனால் இவரைக் கூப்பிடுவார்கள், அவர் திரும்பி வந்தால் இவர் பெஞ்சுக்கு. ஒரு அணியில் 53 பேருக்குத்தான் இடம். சீசன் தொடங்குமுன் மீதிப் பேரைக் கழித்துக் கட்டுவார்கள். கழிக்கப்பட்டவர் ‘வேய்வர்’ பட்டியலுக்குப் போனால் மற்ற 31 அணிகளுக்கும் பொதுவாக 24 மணி நேரம் அவகாசம். வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊருக்கு என்று வீரரைக் கேட்பதில்லை. யாருமே எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் பெரிய தொகையில் பாதிக்கு மேல் உத்தரவாதமில்லாத காகிதம். என்எஃப்எல்லில் ஒருவருடைய ஆட்டக்காலம் சராசரியாக மூன்று ஆண்டைத் தாண்டி எவ்வளவோ போவதில்லை என்பதுதான் வீரர்கள் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு.

ஓகாலகன் முதல் ஆண்டே வலது டாக்கிளாகச் சில ஆட்டங்களைத் தொடங்கினார். 2007ல் பேட்ரியாட்ஸ் லீகில் 16 ஆட்டங்களையும் வென்றது. 2008 பிப்ரவரி 3 அன்று சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. அந்த அணியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். டாம் பிரேடி, ராண்டி மாஸ், பில் பெலிசிக். மாற்று டாக்கிளைப் பற்றி எழுத அவற்றில் இடமில்லை. அவருக்கும் அதுதான் வசதி. அடுத்த சீசன் முழுவதும் காயத்தில் போனது. 2009 செப்டம்பரில் பேட்ரியாட்ஸ் அவரைக் கழித்தது, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் வேய்வரில் எடுத்துக்கொண்டது. பேட்ரியாட்ஸில் அவரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகி ஸ்காட் பியோலிதான் இப்போது அங்கே பொது மேலாளர்.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு சாதாரண லைன்மேனின் கதை. உள்ளே வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கால்பந்து இருக்கும்வரை ஒளிந்திருக்கலாம், அது முடிந்ததும் உயிரோடு இருக்கப் போவதில்லை என்று ஓகாலகன் பல வருடங்களுக்கு முன்பே முடிவு செய்திருந்தார். கன்சாஸ் சிட்டிக்கு வெளியே இருந்த ஒரு குடிலை அந்த முடிவுக்கென்றே தயார்படுத்தி வைத்திருந்தார்.

மறைப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் பொருத்தமானதுதான். ஆனால் அது சொந்த வீடில்லை, வாடகை வீடு. ஒரு தோள்பட்டை, ஒரு முட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வரும் தொலைபேசி அழைப்பு, இதில் எது வேண்டுமானாலும் அதை முடித்துவைக்கும். அந்த மூன்று ஆண்டுச் சராசரியோடுதான் அவர் தன் ஆயுளைக் கட்டிப்போட்டிருந்தார். ஆட்டம் முடியும் நாளை எல்லா வீரர்களும் அஞ்சுவார்கள். இவருடைய அச்சம் வேறு ரகம்.

காயம் வந்தது. வலிக்கு மாத்திரை வந்தது. வலி குறைந்த பிறகும் மாத்திரை குறையவில்லை, ஏனென்றால் அவர் மரத்துப்போகச் செய்ய விரும்பியது தோளை மட்டுமில்லை. 2011ல் ஆட்டம் முடிவுக்கு வந்துவிட்டது என்பது தெரிந்தது. அவர் மாத்திரைக்கு அடிமையாகியிருப்பதைச் சீஃப்ஸின் பயிற்சியாளர் ஒருவர் கவனித்து, சூசன் வில்சன் என்ற உளவியலாளரிடம் அனுப்பினார். வில்சனிடம்தான் ஓகாலகன் முதன்முதலாக அந்த வாக்கியத்தைச் சொன்னார். வில்சனின் யோசனை எளிமையானது: எல்லாரும் உன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று நீ முடிவு கட்டியிருக்கிறாய், அது உண்மையா என்று ஒருவரிடமாவது சொல்லிப் பார்.

அவர் பியோலியின் அலுவலகத்துக்குப் போனார். போதைப் பழக்கத்தைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார் என்று பியோலி நினைத்திருந்தார். விஷயத்தை அழுதபடி ஓகாலகன் சொல்லி முடித்தார். பியோலியின் பதில், சரி, நீ பேச வந்த பிரச்சினை என்ன என்பதுதான். பிறகு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு வருடம் ஒரு மனிதன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேரழிவு அந்த அறையில் நடக்கவேயில்லை. குடும்பமும் நண்பர்களும் ஒவ்வொருவராக அறிந்தார்கள். அவர் உயிரோடிருந்தார்.

பயம் வெறும் கற்பனைதானா, முன்பே சொல்லியிருக்கலாமே என்று இங்கே கேட்கத் தோன்றும். அதற்கு முந்தைய வரலாற்றையும் பார்த்துவிட வேண்டும்.

டேவ் கோப்பே 1964 முதல் 1972 வரை ஒன்பது சீசன், ஐந்து அணிகளுக்கு ஆடிய ரன்னிங் பேக். அசல் ஜர்னிமேன். ஆட்டத்தை விட்ட பிறகு, 1975 டிசம்பரில், ‘வாஷிங்டன் ஸ்டார்’ நாளிதழில் தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அமெரிக்காவின் பெரிய அணி விளையாட்டுகளில் அப்படிச் சொன்ன முதல் தொழில்முறை வீரர் அவர்தான். பயிற்சியாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. யாரும் வேலை தரவில்லை. தரைவிரிப்பு விற்கும் மாமாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாஷிங்டன் அணியில் அவரோடு ஆடிய ஜெரி ஸ்மித் 1986ல் எய்ட்ஸால் இறந்தார். நோயைப் பற்றி வெளியே சொன்ன ஸ்மித், தன் பாலீர்ப்பைப் பற்றிக் கடைசிவரை சொல்லவில்லை. ராய் சிமன்ஸ், ஓகாலகனைப் போலவே முன்வரிசைக்காரர், ஜயன்ட்ஸிலும் வாஷிங்டனிலும் கார்டு. எல்லாம் முடிந்து பல வருடம் கழித்து, 1992ல்தான் சொன்னார். 2014ல் மைக்கேல் சாம் ஆடத் தொடங்கும் முன்பே சொன்னார். 249வதாக டிராஃப்டில் எடுக்கப்பட்டார். என்எஃப்எல் லீகில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை.

ஆக, ஓகாலகனின் பயத்துக்கு ஆதாரம் இருந்தது. நட்சத்திரம் என்றால் அணி சகித்துக்கொள்ளக்கூடும். 53ஆவது இடத்துக்காகப் போராடுகிறவனைக் கழிக்க ஒரு சாக்கு போதும், அந்தச் சாக்கை யாரும் வெளியே சொல்லவும் வேண்டியதில்லை. மாற்று ஆள் எப்போதும் தயாராக இருக்கும் ஒரு தொழிலில் உண்மை பேசுவதற்கான விலையைச் சாதாரணர்களே கூடுதலாகக் கொடுக்கிறார்கள். பியோலி நல்லவராக இருந்தார் என்பது ஓகாலகனின் அதிர்ஷ்டம். ஒரு லீகின் நியாயம் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக் கூடாது.

2017 ஜூனில் ‘அவுட்ஸ்போர்ட்ஸ்’ இதழ் வழியாக ஓகாலகன் முழுக் கதையையும் உலகுக்குச் சொன்னார். 2019ல் புத்தகமாகவும் வந்தது. தன்பாலீர்ப்பு கொண்ட இளம் வீரர்களுக்குப் படிப்புதவி தர ஒரு அறக்கட்டளை தொடங்கினார்.

நான்கு வருடம் கழித்து, 2021 ஜூன் 21 அன்று, ரெய்டர்ஸ் அணியின் கார்ல் நாசிப் இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன வீடியோ போட்டார். ஆடிக்கொண்டிருக்கும்போதே சொன்ன முதல் என்எஃப்எல் வீரர். அவரும் நட்சத்திரமில்லை, இரண்டு அணிகளில் ஆடிவிட்டு மூன்றாவதுக்கு வந்தவர். அவர் பெயர் பொறித்த ஜெர்சி அந்த ஓரிரு நாட்களில் ஃபனாடிக்ஸ் கடையில் மற்ற எல்லா வீரர்களுடையதையும்விட அதிகம் விற்றது. செப்டம்பரில் சீசனின் முதல் ஆட்டம், பால்டிமோருக்கு எதிராகக் கூடுதல் நேரம் வரை போனது. நாசிப் முன்வரிசையைத் தாண்டிப் போய் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். ரெய்டர்ஸ் வென்றது.