காலத்தே விலகிய விஞ்ஞானி

வாள் செய்த கொல்லனுக்கு அவ்வாள் செய்த கொலையிற் பங்குண்டோ என்பது பழைய வினா. வாங்குவோன் கருத்தைக் கொல்லன் எங்ஙனம் அறிவான் என்று அவனை விட்டுவிடலாம். ஆயின், அக்கருத்து மாறியதைக் காதாற் கேட்டபின்னும் சம்மட்டியைக் கீழே வையாதவனை அங்ஙனம் விட்டுவிடல் இயலுமோ? அணுக்குண்டின் வரலாறு இதற்கு விடை தருகின்றது.

யோசெப் றொட்பிளாற் 1908 இல் போலந்தின் வார்சோ நகரிற் பிறந்த யூதர். 1939 இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியர் சாட்விக்கிடம் ஆராய்ச்சி செய்ய வந்தார். ஹிட்லரின் படை போலந்தினுட் புகுந்தது. அங்கிருந்த மனைவியை அவர் மீண்டுங் காணவில்லை. ஹிட்லர் அணுக்குண்டு பெறின், அவனை அஞ்சித் தடுக்க நேசநாடுகளிடமும் அஃது இருத்தல் வேண்டுமென எண்ணினார். அவ்வெண்ணத்துடன் 1944 இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார்.

அவ்வாண்டின் இறுதியில், ஜேர்மனியர் அணுக்குண்டு முயற்சியைக் கைவிட்டனர் என்னுஞ் செய்தியைச் சாட்விக் அவருக்குத் தெரிவித்தார். தாம் வந்த காரணம் நீங்கியதெனக் கண்ட றொட்பிளாற் உடனே விலகி இங்கிலாந்து திரும்பினார். ஏனையோர் தங்கினர். தொடங்கிய ஆராய்ச்சி பலிக்குமோ எனக் காணும் ஆவலே பலரை நிறுத்தியதெனப் பின்னாளில் அவர் எழுதினார்.

1945 யூலை 16 இற் குண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டது. அணுத் தொடர்வினையை 1933 இலேயே சிந்தித்தவரான லியோ சிலார்ட், குண்டை யப்பான்மீது ஆராயாது வீசற்க என ஒரு விண்ணப்பம் வரைந்தார். விஞ்ஞானிகள் 70 பேர் ஒப்பமிட்டனர். அதன் திகதி யூலை 17. அது சனாதிபதி ட்ரூமனின் கைக்கு எட்டவேயில்லை. ஆகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவும் 9 இல் நாகசாகியும் எரிந்தன. செய்து முடித்த பொருள் செய்தோர் சொற் கேளாது என்பதை அவர்கள் அன்று கண்டனர்.

ஒருவர் விலகியதாற் குண்டு நின்றதோ எனச் சிலர் கேட்பர். நிற்கவில்லை, அவரும் ஏறக்குறைய ஓராண்டு அப்பணியிற் பங்குகொண்டவரே. ஆயினும், பின்னர் அவர் தம் பௌதிக அறிவை மருத்துவத்திற்கு உதவினார். 1955 இல் அணுப்போருக்கு எதிராக வெளியான ரசல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் ஒப்பமிட்டார். 1957 இற் கனடாவின் பக்வாஷ் என்னும் ஊரில் இருதிறத்து நாட்டு விஞ்ஞானிகளும் ஒருங்கு கூடிய மாநாட்டை அமைப்பதில் முன்னின்றார். அவருக்கும் பக்வாஷ் இயக்கத்திற்கும் 1995 இல் நோபெல் சமாதானப் பரிசு வழங்கப்பட்டது. 2005 இற் காலமானார்.

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் வினை விளையும் என்பது நம் சமயக் கொள்கை. ஆதலின், தீங்கென அறிந்தும் உடன்பட்டிருத்தல் வினையேயாம். கணினியுஞ் செயற்கை நுண்ணறிவுங் கற்கும் நம் வாலிபர்கள், "இஃது எதற்கு? யார் கைக்குப் போகின்றது?" என்று பணி தொடங்குமுன்னே கேட்பாராக, விடை மாறும்போதெல்லாம் மறுபடியுங் கேட்பாராக. அங்ஙனங் கேட்டு விலகி வரும் பிள்ளையை, நல்ல உத்தியோகத்தை இழந்தான் என்று பெரியோர் கடியாதிருப்பாராக.