பேய்ப் படமும் ஆயா மடியும்

(‘பேய்ப் படங்களிலிருந்து பிள்ளைகளைக் காப்பது தணிக்கைச் சான்றிதழா? பெற்றோரா?’ செஞ்சியில் நடந்த பட்டிமன்றத்தில் ‘பெற்றோரே’ என்ற அணியில் பேசியது.)



எதிரணித் தலைவர் சொன்னார்: “படம் ஆரம்பிக்கும்போது ஒரு எழுத்து போடுறாங்களே, அதுதான் பிள்ளைகளுக்குக் காவல்” என்று. ஐயா, அந்த எழுத்தோட வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1949-ல் சட்டத் திருத்தம் வந்தது. ‘யு’ என்றால் எல்லாரும் பார்க்கலாம். ‘ஏ’ என்றால் 18 வயசு ஆனவங்க மட்டும். தமிழில் முதன்முதலாக ‘ஏ’ வாங்கின படம் எது தெரியுமா? 1951-ல் வந்த ‘மர்மயோகி’. நம்ம எம்.ஜி.ஆர். படம்! (சிரிப்பு) எதுக்குக் கொடுத்தாங்க? முத்தக் காட்சிக்கா? இல்லை. பேய் மாதிரி ஒரு உருவம் வருது, அதுக்கு! செருகளத்தூர் சாமா நடிச்ச அந்த உருவம் பேயே இல்லீங்க. செத்துட்டார்னு எல்லாரும் நம்பின ராஜா! இல்லாத பேய்க்கு ‘ஏ’ கொடுத்த ஊரு நம்ம ஊரு. (பலத்த கைதட்டல்)

நம்மை மட்டும் குறை சொல்லக் கூடாது. இங்கிலாந்தில் பயங்கரப் படங்களுக்கென்றே 1930-களில் ‘எச்’ என்று ஒரு எழுத்து வைத்திருந்தார்கள். அதே 1951-ல் அதை எடுத்துவிட்டு ‘எக்ஸ்’ கொண்டுவந்தார்கள். ஆக, பயத்துக்கு வயசு பார்ப்பது உலக வழக்கம்தான்.

ஆனால் அந்த எழுத்து யாரை மாற்றியது? பிள்ளையை மாற்றவில்லை. பேயைத்தான் மாற்றியது! ‘ஏ’ வாங்கினால் குடும்பம் வராது. டிவியில் போட முடியாது. தமிழ்நாட்டில் 2011-ல் ‘யு’ வாங்கின படத்துக்குத்தான் கேளிக்கை வரிவிலக்கு என்று ஆணை வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த எழுத்துக்குள்ளே பணம் இருந்தது. தயாரிப்பாளர் என்ன செய்வார்? ரத்தத்தைக் குறைத்தார், சிரிப்பைக் கூட்டினார். ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ என்று காமெடிப் பேய்கள் வரிசையாக வந்தன. இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை, இதுவும் ஒரு காரணம்.

ரத்தம் குறைஞ்சுது, சரி. கதை குறைஞ்சுதா? அந்தப் பேய் யாரு? பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒரு பெண். ஒரு மணி நேரம் சிரிச்ச பிள்ளை, பிளாஷ்பேக் வந்ததும் கேட்குது: “அம்மா, அந்த அக்காவை ஏன் கொன்னாங்க?” இதுக்கு எந்த எழுத்து பதில் சொல்லும், நடுவர் அவர்களே? (கைதட்டல்)

இந்தச் செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்க்காதவர் உண்டா? துரியோதனனை மண்ணாலே பிரம்மாண்டமாகச் செஞ்சு படுக்க வைப்பாங்க. பீமன் தொடையில் அடிப்பான். சிவப்பாகத் தண்ணி பீறிடும். அம்மன் கூந்தல் முடிவாள். அதுக்கு முன்னாடி ராத்திரிக் கூத்தில் துகில் உரிதல் நடக்கும். வன்முறையும் உண்டு, பெரியவங்க விஷயமும் உண்டு. முன்வரிசையில் யாரு? பூராவும் பிள்ளைங்க!

நானும் அப்படித்தான் என் ஆயா மடியில் இருந்து பார்த்தேன். அலறிட்டேன். ஆயா என் கண்ணைப் பொத்தலை. “அது சாயத்தண்ணிடா” என்று முதலில் பயத்தைப் போக்கிச்சு. அப்புறம் சொல்லிச்சு: “ஒரு பொம்பளையைச் சபையில அவமானப்படுத்தினவனுக்கும், பார்த்துக்கிட்டு சும்மா இருந்தவனுக்கும் இதான் கதி.” அந்தப் பயம் போயிடுச்சு. இந்தச் சொல் இன்னும் போகலை.

1983-ல் ‘யு/ஏ’ வந்தது. 12 வயசுக்கு உட்பட்டவங்க பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றார்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். அருமையான ஏற்பாடு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ‘யு/ஏ’ என்பது என்ன? எங்க ஆயாவுக்குச் சர்க்கார் வைச்ச பேரு! (சிரிப்பு, கைதட்டல்)

‘ஏ’ படத்துக்கு வாசலில் ஆள் நின்னு தடுக்கணும், சட்டம் இருக்கு. ‘யு/ஏ’ படத்துக்கு வாசலில் நிற்பது நீங்கதான். இன்னைக்கு வழிகாட்ட வேண்டிய அப்பா பக்கத்து சீட்டில் செல்போன் பார்க்கிறார். பிள்ளை இருட்டில் தனியாப் பயப்படுது. வீட்டில் பிள்ளை கையிலேயே படம் ஓடுது. அங்கே வாசலே கிடையாது!

இந்தச் செஞ்சிக் கோட்டைக்கு எத்தனை மதில், எத்தனை வாசல்! ஆனாலும் 1714-ல் தேசிங்கு ராஜன் களத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்ததே. மதில் மட்டும் போதாதுங்க. எழுத்து ஒரு மதில். உள்ளே நிற்க வேண்டியவர் நீங்கள். அந்தப் பிள்ளை “ஏன்?” என்று கேட்கும்போது பக்கத்தில் இருங்கள், பதில் சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.