காப்பித் தோட்டமும் கூலிக் கணக்கும்



பாடாங் செராய் வட்டாரத்தில் நாம் அறிந்த தோட்டப் பயிர்கள் ரப்பரும் செம்பனையும்தான். காப்பியை நாம் கடையிலும் அடுப்படியிலும் மட்டுமே பார்க்கிறோம். ஆனால் நம்மவரின் தோட்ட வாழ்வில் ரப்பருக்கு முன்பே காப்பி வந்துவிட்டது. அந்த வரலாற்றில், நாம் மறக்கக் கூடாத ஒரு கூலிக் கணக்கும் இருக்கிறது.

முதலில் இலங்கைக்குப் போவோம். 1815-இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1830-களிலிருந்து அதன் மலைக்காடுகளை அழித்துப் பெருமளவில் காப்பி பயிரிட்டார்கள். அந்த வேலைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து நம் மக்கள் கங்காணிகளோடு புறப்பட்டார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து மலைநாடு சேர்ந்தார்கள். காலராவும் பசியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின.

அங்கே என்ன வேலை? காப்பிப் பழம் எல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் காயும் இருக்கும், பழமும் இருக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். பறித்த பழத்தை இயந்திரத்தில் இட்டுத் தோல் நீக்குவார்கள். கொட்டையை ஒட்டியிருக்கும் வழவழப்பு விடுபடத் தொட்டியில் புளிக்க வைத்து, தண்ணீரில் அலசி, களத்தில் பரப்பி உலர்த்துவார்கள். பின்னர் அது கொழும்புக்குப் போகும். அங்கே உமி போன்ற மேலுறையை நீக்கியபின், பெண்கள் அமர்ந்து பழுதான கொட்டைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். இன்று குவாத்தமாலா, கோஸ்தாரிக்கா முதலிய மத்திய அமெரிக்க நாடுகளில் உயர்ந்த விலைக்குப் போகும் காப்பியும் பெரும்பாலும் இப்படித்தான் பக்குவமாகிறது. பழம் பறிக்கும் கை தவறினால், பின்னால் எந்த இயந்திரமும் அந்தச் சுவையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

1869-இல் இலங்கைக் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் ஒன்று காணப்பட்டது. அது ஒரு பூசண நோய். இலைகள் உதிர்ந்தன, காய்ப்புக் குறைந்தது. 1880-இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து அந்த நோயை விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் தோட்டங்களைக் காப்பாற்ற முடியவில்லை. 1884-இல், காப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே மூடப்பட்டது.

இங்கேதான் நாம் சொன்ன கூலிக் கணக்கு வருகிறது. அக்காலத்தில் கூலி மாதந்தோறும் கைக்கு வருவதில்லை. பல மாதம் நிலுவையில் நிற்கும். தோட்டம் கடனில் மூழ்கினால், கடன் கொடுத்தவர் நிலத்தைப் பிடித்துக்கொள்வார். பழம் பறித்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? அந்த நெருக்கடியில்தான், தோட்டச் சொத்தின் மீது தொழிலாளரின் கூலிக்கு முதல் உரிமை உண்டு என்று 1884-இல் இலங்கையில் சட்டம் வந்தது.

இலங்கையில் அனுபவம் பெற்ற துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூர் முதலிய இடங்களில் காப்பி பயிரிட்டார்கள். தாழ்நிலத்துக்கு ஏற்ற லைபீரியக் காப்பி அது. நம்மவர் இங்கும் அதே வேலைக்கு வந்தார்கள். 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டில் விளைச்சல் பெருகவே, உலகச் சந்தையில் விலை விழுந்தது. காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களைப் போன்றவர்கள் ஏற்கனவே ரப்பர் நட்டுப் பார்த்திருந்தார்கள். காப்பி வரிசைகளுக்கு இடையே ரப்பர் கன்றுகள் எழுந்தன. பிறகு, 1909 வரை சயாமின் மேலாட்சியில் இருந்த நம் கெடாவிலும் ரப்பர் பரவியது.

அந்தப் பழைய இலைநோய் 1970-இல் பிரேசிலிலும், 1976-இல் மத்திய அமெரிக்காவின் நிக்காராகுவாவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் அது மத்திய அமெரிக்கா எங்கும் கடுமையாகப் பரவியபோது, பழம் பறித்துப் பிழைத்த ஏராளமானோர் வேலை இழந்தார்கள். இடமும் காலமும் மாறினாலும் முதல் அடி தொழிலாளர் வீட்டு அடுப்பில்தான் விழுகிறது.

நேயர்களே, பயிர் மாறுவதை நாம் தடுக்க முடியாது. ரப்பர் செம்பனையானதையும், தோட்டம் வீடமைப்புப் பகுதியானதையும் நம் கண்முன்னே கண்டோம். ஆனால் கணக்கை நாம் காக்கலாம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, கடன் கொடுத்தவரின் விண்ணப்பத்தின்பேரில் நீதிமன்ற ஆணையால் முதலாளியின் சொத்து விற்கப்பட்டால், நான்கு மாதம் வரையிலான சம்பள நிலுவைக்கு முன்னுரிமை உண்டு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புச் செய்யப்படுபவருக்குச் சேவை ஆண்டு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இவ்வளவு கிடைக்க வேண்டும்: ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 15 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 20 நாள்.

இவற்றைக் கேட்டுப் பெறச் சேவைக்கு ஆதாரம் வேண்டும். ஆகவே சம்பளச் சீட்டுகளையும் வேலைக் கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். சந்தேகம் இருந்தால் சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள். காப்பிக் காட்டில் நம் முன்னோர் கையில் இல்லாத காகிதம் இன்று நம் கையில் இருக்கிறது. அதைத் தொலைத்துவிடக் கூடாது.