ஊர்ப் பணக் கணக்கு: கல்வெட்டிலிருந்து கணினிக்கு

பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது தமிழகத்தில் புதிய வழக்கமன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (கி.பி. 919, 921) பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் உள்ள இன்னொரு விதி அதைவிடக் கடுமையானது. வாரியத்தில் பணியாற்றிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே தடை உண்டு.

பிற்காலத்தில் கிராமக் கணக்கு கர்ணம் என்ற பரம்பரைப் பதவியில் இருப்பவரின் கைக்குப் போயிற்று. அவர் எழுதியதே கணக்கு. 1980-இல் அப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். ஆனாலும் ஊர்ப் பணம் செலவான விவரம் அலுவலக அலமாரியிலேயே கிடந்தது. இராசத்தானில் 1994 முதல் மசுதூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு, கூலிப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்துக் காட்டியது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்படித்தான் வெளிப்பட்டது. அங்கே கணினி எதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு இந்தக் கூட்டங்கள் வழிவகுத்தன.

கணினி வந்தபின் அலமாரி திறந்தது. நடுவண் அரசின் திட்டப் பணத்தைக் கடைசி நிலை வரை பின்தொடர 2008-09-இல் ஒரு கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய பொது நிதி மேலாண்மை அமைப்பு. ஊராட்சிகளுக்கான 'இ-கிராம் சுவராஜ்' தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. சங்கரன்கோவில் வட்டாரத்து மாணவர் ஒருவர் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று வரிசையாகத் தேர்ந்தால் தம் ஊரின் வரவு செலவைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதே கைப்பேசியில் காலையில் எத்தனை அடி நடந்தோம் என்று நாள்தோறும் பார்ப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஊராட்சிக் கணக்கைப் பார்த்ததாகச் சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கணினியில் இருப்பதெல்லாம் உண்மை என்றும் கொள்ளக் கூடாது. நூறு நாள் வேலையில் வருகையை ஒளிப்படத்துடன் பதிவு செய்ய 2021-இல் ஒரு செயலி வந்தது. வேலைக்குத் தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் அதில் ஏற்றப்படுவதாக ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025-இல் மாநிலங்களுக்கு எழுதியது. கர்ணத்தின் ஏட்டில் எழுதக்கூடிய பொய்யைத் திரையிலும் எழுதலாம். பொய்யைக் கண்டுபிடிக்க அந்த ஊர்க்காரர் வேண்டும். திரையில் காட்டும் சாலை உண்மையில் போடப்பட்டதா என்பது அவருக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தளத்தில் கண்ட தொகையையும் பணியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், அந்த வேலை எந்தத் தெருவில் நடந்தது என்று அங்கே கேட்கலாம்.