மிகை மின்னிறக்கக் காப்பு (லித்தியம் அயனி மின்கலம்)

லித்தியம் அயனி மின்கலத்தின் மின்னழுத்தம் குறிப்பிட்ட கீழ்வரம்பைத் தொட்டதும் அதிலிருந்து மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும் ஏற்பாடு. கோபால்ட், நிக்கல் சார்ந்த கலங்களுக்கு இந்த வரம்பு பெரும்பாலும் 2.5 முதல் 3.0 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்களுக்கு 2.0 முதல் 2.5 வோல்ட்.

இவ்வரம்பு தோன்றிய காரணம் கலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய கலத்தில் எதிர்மின்முனை லித்தியம் உலோகம், நேர்மின்முனை டைட்டானியம் டைசல்பைடு. இவ்வகைக் கலங்களை வாட்டியது மின்னேற்றத்தின்போது உலோகத்தில் முளைக்கும் ஊசி இழைகள். 1989இல் ஜப்பானில் கைப்பேசி தீப்பற்றியதை அடுத்து, கனடாவின் மோலி எனர்ஜி தன் லித்தியம் உலோகக் கலங்களைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையே 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்மின்முனையாக்கினர். 1985இல் அசாகி கசேயின் அகிரா யோஷினோ உலோக லித்தியத்தை நீக்கிக் கரிப்பொருளை எதிர்முனையில் வைத்தார். 1991இல் சோனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உலோகத்திலிருந்து கரிக்கு மாறியதோடு, எதிர்முனையில் மின்னோட்டத்தைச் சேகரிக்கும் செம்புத் தகடும் வந்து சேர்ந்தது. நேர்முனைக்கு அலுமினியம் போதும். எதிர்முனையில் அதை வைத்தால் லித்தியத்தோடு உலோகக் கலவையாகிச் சிதையும், ஆகவே செம்பு. கலம் வழக்கமாக இயங்கும்வரை செம்புக்கு ஆபத்தில்லை. வரம்புக்குக் கீழே இழுத்தால் கரியிலிருந்த லித்தியம் தீர்ந்து, எதிர்முனையின் மின்னழுத்தம் லித்தியத்தை ஒப்பிட்டு 3.5 வோல்ட்டை நெருங்குகிறது. செம்பு மின்பகுளியில் கரையத் தொடங்குகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அது கண்ட இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கும். தொழிற்சாலைகளும் இதை அறிந்தே நடக்கின்றன: கோபால்ட் ஆக்சைடு கலம் மின்னேற்றமின்றித்தான் தயாராகிறது என்பதால், மின்பகுளி ஊற்றிய பின் அதிகம் தாமதிக்காமல் சிறிது மின்னேற்றிவிடுகிறார்கள். லித்தியத்தின் பெயர் தாங்கிய கலத்துக்குக் கீழ்வரம்பு வகுத்தது செம்பு என்றே சொல்ல வேண்டும். இருமுனையிலும் அலுமினியம் கொண்ட சோடியம் அயனி கலங்களைச் சுழிய வோல்ட் வரை இறக்க முடிவதற்கும் காரணம் இதுவே.

பல கலங்கள் தொடராக இணையும் பேட்டரியில் மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். 13 கலம் கொண்ட 48 வோல்ட் பேட்டரி 42 வோல்ட் காட்டுகிறது எனக் கொள்வோம். சராசரி 3.2 வோல்ட், கவலையில்லை என்று தோன்றும். ஆனால் 12 கலங்கள் 3.35 வோல்ட்டிலும் நலிந்த ஒன்று 1.8 வோல்ட்டிலும் இருந்தாலும் மீட்டர் அதே 42தான் காட்டும். மேலும் ஓட்டினால் மற்றவை அந்த ஒன்றின் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி அதன் முனைகளைத் தலைகீழாக்கும். ஆகவேதான் பிஎம்எஸ் எனப்படும் மின்கல மேலாண்மை அமைப்பு ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து, எது முதலில் வரம்பைத் தொட்டாலும் மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஆளியை அணைக்கிறது. சுமையை எடுத்ததும் மின்னழுத்தம் சற்று மேலேறும் என்பதால், மீண்டும் இணைக்கும் வரம்பு சற்று உயரத்தில் இருக்கும்.

பிஎம்எஸ் தானும் சொற்ப மின்சாரம் உண்ணும். மின்னேற்றம் தீர்ந்த மின்சார வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் துண்டிப்பு நடந்த பிறகும் கலம் இறங்கிக்கொண்டே போகும். அப்படி ஆழ இறங்கிய கலத்தைக் குறைந்த மின்னோட்டத்தில் உசுப்பி உயிர்ப்பிக்கும் பழக்கம் பழுதுபார்ப்பவர்களிடம் உண்டு. கரைந்த செம்பு குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம் என்பதால் அது கைவிடத்தக்கது. மறுசுழற்சிக்கு முன் மட்டும் கலத்தை வேண்டுமென்றே மின்னிறக்குவார்கள். அதற்காக உப்புநீரில் அமிழ்த்தும் மலிவான முறை முனைகளை அரித்து ஹைட்ரஜனை வெளியிடும். மின்தடை வழியாக இறக்குவதே முறையானது.

இன்று, ஐ.நா.வின் 38.3 போக்குவரத்துச் சோதனையில் வலிந்து மின்னிறக்கும் தேர்வு உள்ளது. இந்தியாவில் மின்சார இருசக்கர வாகனங்களுக்கான ஏஐஎஸ்-156 தரம், 2022 தீவிபத்துகளுக்குப் பின் இறுக்கப்பட்டது. தனியாக விமானச் சரக்கில் செல்லும் லித்தியம் அயனி கலங்களின் மின்னேற்றம் 2016 ஏப்ரல் 1 முதல் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.