ஆஃப் சீசனும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும்

நியூஜெர்சியில் இருக்கும் நண்பர் ஒருத்தர் வருஷா வருஷம் மார்ச் மாசம் ஆனா போதும், மெயிலா அனுப்பித் தள்ளுவார். யார் எந்த டீமுக்குப் போனான், எத்தனை மில்லியன் டாலர், அந்தப் பிரிவுல இந்த வருஷம் யார் முதல் இடம், எவன் கடைசி, இப்படி. அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, தலையில ஹெல்மெட், காலால உதைக்கிறது ரொம்பக் கம்மி, ஆனா பேரு மட்டும் ஃபுட்பால். சரி, அவங்க ஊரு, அவங்க பேரு, நமக்கென்ன :)

அங்கே என்எஃப்எல்லில் 32 டீம். நாலு நாலா எட்டுப் பிரிவு. பிப்ரவரியில் சூப்பர் பவுல் முடிஞ்சா, அடுத்து செப்டம்பரில்தான் ஆட்டம். நடுவில் இருக்கும் அந்த ஆறேழு மாசம்தான் ஆஃப் சீசன். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் விரும்பின டீமுக்குப் போகலாம். ஏப்ரலில் கல்லூரிப் பையன்களை வரிசையா எடுப்பாங்க. போன வருஷம் கடைசியா வந்த டீமுக்குத்தான் முதல் ஆளை எடுக்கிற உரிமை. இதையெல்லாம் வைத்துத்தான் எந்தப் பிரிவில் யார் ஜெயிப்பாங்கன்னு பக்கம் பக்கமா எழுதுறாங்க. ஒரு பந்துகூட எறியாம அரை வருஷம் பேசுற கூட்டம்.

நண்பரின் மெயில்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. நான் ராயபுரத்துக்காரன். நம்ம பக்கமும் ஃபுட்பால் உண்டு, உண்மையான ஃபுட்பால். லீக் உண்டு, சீனியர் டிவிஷன், ஃபர்ஸ்ட் டிவிஷன்னு பிரிவும் உண்டு, மேலே ஏறுறதும் கீழே இறங்குறதும் உண்டு. அப்போ நம்ம ஆஃப் சீசன்ல என்ன சேதி இருந்தது? யாரும் எழுதி வைக்கலையே தவிர, சேதி இல்லாம இல்லை. அந்தச் சேதிக்குப் பேரு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்.

வெளியூர் பதிவர்களுக்குக் கொஞ்சம் பூகோளம். துறைமுகத்தை ஒட்டி ராயபுரம், காசிமேடு. அப்படியே கடலோரமா மேலே போனா தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். திருவொற்றியூரில்தான் எம்ஆர்எஃப் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்து ஆரம்பித்தது. ராயல் என்ஃபீல்டு புல்லட் 1950-களில் இந்தியாவில் உருவானதும் அங்கேதான். தீப்பெட்டி செய்த விம்கோ பேரில் இன்னைக்கு மெட்ரோ ஸ்டேஷனே இருக்கு. எண்ணூரில் அசோக் லேலண்ட். உள்பக்கம் திரும்பினா வியாசர்பாடி, பெரம்பூர். அந்தப் பக்கம் பி அண்ட் சி மில், ரயில்வே ஒர்க்‌ஷாப், 1955-ல் வந்த ஐசிஎஃப். வேலை இருந்த இடத்தில் ஷிஃப்ட் இருந்தது, ஷிஃப்ட் முடிஞ்ச இடத்தில் பந்து இருந்தது. இந்தப் பேட்டைக்கு ஃபுட்பால் எப்படி வந்ததுன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை.

சென்னை லீக்கில் பல காலம் ஆடிய பெரிய டீம்களின் பேரைப் பாருங்க. ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ், ஏஜி ஆபீஸ், எஃப்சிஐ. டீம் பேரா இது? எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சு நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்கு. ஆனா அதுதான் விஷயமே. இந்த டீம்களுக்கு ஆடுறவன் முதலில் அந்த ஆபீஸ் ஊழியன், அப்புறம்தான் ஆட்டக்காரன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேருவான். காலையில் பிராக்டிஸ், மத்தியானம் சீட்டில் உட்காருவான், மேட்ச் அன்னிக்கு ஆன் டூட்டி.

இதுல டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்கும்? நடக்காது. அதாவது, நடக்கணும்னா வேலையை விடணும். பேங்க் கிளார்க் வேலையை விட்டுட்டு வேற டீமுக்குப் போற பைத்தியக்காரன் வடசென்னையில் பிறக்கலை. அப்போ ஒருத்தன் வாழ்க்கையில் ஆஃப் சீசன் ஒரே ஒரு தடவைதான். 19 வயசுக்கும் 23 வயசுக்கும் நடுவில். அப்போ ஆர்டர் வந்தா வந்தது. இல்லைன்னா மீன் ஏலம், துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை, ஆட்டோ.

அந்த ஆர்டருக்கும் ஒரு வழி இருந்தது. தெருவில் எவ்வளவு நல்லா ஆடினாலும் காகிதம் வேணும். மாநில அணிக்கு ஆடினேன், பல்கலைக்கழகத்துக்கு ஆடினேன்னு சர்டிஃபிகேட். அதனால்தான் சந்தோஷ் டிராஃபி அணித் தேர்வுன்னா இங்கே அவ்வளவு அடிதடி. 1941-லிருந்து நடக்கிற போட்டி அது, தமிழ்நாடு ஒரு தடவைகூட கோப்பையைத் தொட்டதில்லை. தொடாட்டி என்ன? டீம் லிஸ்டில் பேர் வந்தவனுக்கு வேலைக்கு வழி பிறந்துச்சு. கோப்பையைவிட அந்த லிஸ்ட் பெருசு.

எங்க தெருவில் ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம், சொன்னா கோவிச்சுக்குவார். எழுபதுகளின் கடைசியில் லெஃப்ட் விங்கில் ஆடியவர். அவருக்கு ஒரே மாசத்தில் ரெண்டு அழைப்பு. ஒண்ணு கல்கத்தாவிலிருந்து, ஒரு சீசனுக்கு ரொக்கம். இன்னொண்ணு மத்திய அரசு ஆபீஸ் ஒண்ணுல எல்டிசி வேலை. அவரோட அம்மா காசிமேட்டில் கூடை சுமந்தவங்க. "ஒரு சீசன்னா எத்தினி மாசம்டா?"ன்னு கேட்டாங்களாம். இவர் சொல்லியிருக்கார். "அப்புறம் மீதி மாசம்?"னு கேட்டாங்களாம். அவ்வளவுதான், எல்டிசி. முப்பத்தொரு வயசு வரை ஆபீஸ் டீமில் ஆடினார், அறுபது வரை ஆபீஸ் போனார், இப்போ பென்ஷன். கூட ஆடின ரைட் விங் ஆள் கல்கத்தாவுக்குப் போனார். ரெண்டு சீசன். முட்டி போச்சு. திரும்பி வந்து பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் நின்னார். ரெண்டு பேரில் யார் நல்ல ஆட்டக்காரர்னு கேட்டா அண்ணன் யோசிக்கவே மாட்டார். "அவன்தான்"ம்பார்.

கல்கத்தான்னு சொன்னதும் அந்த ஊர் கதையைச் சொல்லாம விட முடியாது. இந்தியாவில் ஆஃப் சீசன்னு ஒண்ணு உண்மையிலேயே இருந்தது அங்கேதான். கட்சி மாறுற காலம் வந்தா ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆளுங்க ஆட்டக்காரரைக் கொண்டு போய் ஒளிச்சு வைப்பாங்க, கையெழுத்துப் போடுற அன்னிக்குத்தான் வெளியே காட்டுவாங்க. நம்ம ஊர் எம்எல்ஏக்களை ரிசார்ட்டில் வைக்கிறது புது விஷயம்னு நினைச்சீங்களா? :) தெற்கிலிருந்து ஆள் பிடிக்கிறதும் அங்கே பழைய பழக்கம். 1949-லிருந்து 1953 வரை ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையைப் பஞ்ச பாண்டவர்னு சொல்லுவாங்க. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமத் கான், சாலே. அஞ்சு பேருமே தெற்கத்தி ஆட்கள்.

இப்போ திரும்ப அமெரிக்காவுக்கு ஒரு நிமிஷம், காரணம் இருக்கு. அங்கேயும் ஆட்டக்காரன் விரும்பின டீமுக்குப் போறது ஆதியிலிருந்து இருந்த உரிமை இல்லை. ஒப்பந்தம் முடிஞ்சாலும் பழைய டீம் பிடி விடாது. ஃப்ரீமன் மெக்நீல்ங்கிற ஆட்டக்காரர் பேரில் வழக்கு நடந்து, 1992-ல் மினியாபொலிஸ் ஜூரி ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம்தான், 1993-ல் அந்தக் கதவு திறந்தது. ஐரோப்பாவில் பாஸ்மன்னு ஒரு பெல்ஜியக்காரர் கோர்ட்டுக்குப் போய் 1995 டிசம்பரில் அதே மாதிரி தீர்ப்பு வாங்கினார். ஆட்டக்காரன் உழைப்பு ஆட்டக்காரனுக்கே சொந்தம், விலை பேசலாம். நண்பர் மெயிலில் வர்ற மில்லியன் கணக்கெல்லாம் அந்த வழக்குலேருந்துதான் முளைச்சது.

பாஸ்மன் தீர்ப்பு வந்து சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1996 டிசம்பரில் நம்ம நாட்டில் முதல் தேசிய லீக் ஆரம்பிச்சது. பேரு என்ன தெரியுமா? நேஷனல் ஃபுட்பால் லீக். அதேதான், என்எஃப்எல்! சென்னையிலிருந்து அதில் ஆடின டீம் இந்தியன் பேங்க். முதல் கோப்பை ஜேசிடிக்கு, அது பஞ்சாப் மில் டீம். ஏர் இந்தியா, மகிந்திரா, கேரளா போலீஸ்னு ஆபீஸ் பேர்கள்தான் அங்கேயும் பாதி. உலகமெல்லாம் ஆட்டக்காரன் கைமாற ஆரம்பிச்ச நேரத்தில் நாம மஸ்டர் ரோலில் இருந்த ஆட்களை வைத்துத் தொழில்முறை லீக் நடத்தினோம். அதே 1996-ல்தான் பெரம்பூர் பி அண்ட் சி மில் ஒரேயடியா மூடினாங்க. லீக் வந்தது, வேலை போனது. ரெண்டையும் சேர்த்து யோசிக்க அப்போ யாருக்கும் தோணலை.

என்எஃப்எல் 2007-ல் ஐ-லீக் ஆச்சு. 2010-ல் மகிந்திரா டீமைக் கலைச்சது. 2011-ல் ஜேசிடி கலைச்சது. முதலாளிக்கு விளம்பரம் பத்தலையாம். பேங்குகளும் ஆபீஸ்களும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறது மெல்ல மெல்லக் குறைஞ்சது.

நம்ம டீக்கடைக் கணிப்பு பத்தியும் சொல்லணும். அமெரிக்காவில் இதுக்கு டிவியே இருக்கு. இங்கே கல்மண்டபம் டீக்கடை. "இந்த வருஷம் யாருப்பா சீனியர்ல மேல?"ன்னு கேட்டா, ஆட்டத்தைப் பத்திப் பேச மாட்டாங்க. "கஸ்டம்ஸ்ல இந்த வாட்டி எடுக்குறாங்களாமே, எத்தினி போஸ்டு?" இதுதான் அலசல். ரெண்டு ஃபார்வர்டுக்கு ஆர்டர் வந்துச்சுன்னா அந்த டீம் அடுத்த எட்டு வருஷத்துக்குக் குறி. ஆள் எடுக்க ஆபீஸில் தடை வந்துட்டா, பசங்களுக்கு வயசாக வயசாக டீமுக்கும் வயசாகும், ஒரு நாள் கீழ் டிவிஷன். ரொம்ப எளிசான கணிப்பு, அனேகமா பலிக்கும். கடைசி டீமுக்கு நல்ல பையனை முதலில் எடுக்கிற வாய்ப்பு கொடுக்கிற அமெரிக்க ஏற்பாடு எனக்குப் பொறாமையாவே இருக்கு. முதலாளித்துவ நாட்டில் இப்படி ஒரு சோஷலிசம்!

(பாக்சிங் பத்தி ஏன் எழுதலைன்னு சிலர் கேட்பீங்க. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை விஷயம் வேற. பரம்பரை மாறினா அது டிரான்ஸ்ஃபர் இல்லை, துரோகம். அதுக்குத் தனிப் பதிவு போடணும்.)

2014-ல் ஐஎஸ்எல் வந்துச்சு, சென்னையின் எஃப்சி வந்துச்சு. முதல் தடவையா இந்தப் பக்கப் பையன்களுக்கு ஒப்பந்தம், ஏஜென்ட், மருத்துவர்னு எல்லாம் வந்தது. மழை வெள்ளத்தில் ஊரே மிதந்த 2015-ல் அரையிறுதியைப் புனேவுக்கு மாத்தி, கடைசியில் கோவாவில் கோப்பை வாங்கினாங்க. எனக்கு அதைவிட மறக்காதது 2018 மார்ச். நேரு ஸ்டேடியத்தில் கோவாவுக்கு எதிரா அரையிறுதி. 3-0. ஜெஜே ரெண்டு, நடுவில் ஒண்ணு தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். மினி பிரேசில்னு அந்த ஏரியாவுக்குப் பட்டப்பேரு வச்சு பத்திரிகைக்காரங்க தேய்ச்சுட்டாங்க, ஆனா அன்னிக்குச் சொல்லிக்கிட்டா தப்பில்லை. அந்த வருஷமும் கோப்பை சென்னைக்குத்தான்.

அதே வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் சேகர். இவர் கதைதான் நம்ம ஆட்கள் ஒருத்தருக்கு முழுசா ஆஃப் சீசன் கிடைச்ச கதை. டெல்லி டைனமோஸில் ஆடிக்கிட்டிருந்தார். 2019-ல் சீசனுக்கு நடுவிலான ஓய்வில் ஆட்டக்காரர் மாறலை, டீமே மூட்டை கட்டிக்கிட்டு புவனேஸ்வர் போயிடுச்சு, ஒடிஷா எஃப்சின்னு பேரும் மாறிடுச்சு. அங்கே நாலு வருஷம். 2023-ல் ஈஸ்ட் பெங்கால் கூட்டிக்கிட்டுப் போனது. அந்த ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிரா ஒரே கோல், நந்தா அடிச்சது. நாலரை வருஷமா அந்த மோதலில் ஜெயிக்காத டீம் ஈஸ்ட் பெங்கால். பஞ்ச பாண்டவர் காலத்துக்கு அப்புறம் எழுபது வருஷம் கழிச்சு அதே சட்டையில் ஒரு தெற்கத்திப் பையன்.

அதே சமயம் இன்னொண்ணும் பார்த்தோம். சென்னை சிட்டி எஃப்சி 2019 மார்ச் 9 அன்னிக்குக் கோயம்புத்தூரில் ஐ-லீக் சாம்பியன். 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பேரே இல்லை. ரெண்டு, ரெண்டரை வருஷம். பேங்க் டீம் கீழ் டிவிஷனுக்குப் போனாலும் பேங்க் இருந்தது, ஒண்ணாம் தேதி சம்பளம் இருந்தது.

அப்புறம் 2025. ஐஎஸ்எல்லை நடத்துற கம்பெனிக்கும் ஃபெடரேஷனுக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடியப்போகுது, புதுசு போடலை. ஜூலை 11 அன்னிக்கு சீசனை நிறுத்தி வைக்கிறோம்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்டில் பெங்களூரு சம்பளத்தை நிறுத்தியது, சென்னையினும் இயக்கத்தை நிறுத்தி வச்சது. லீக்கை ஏலம் விட்டா எடுக்க ஒருத்தரும் வரலை. 2026 ஜனவரியில்தான், பிப்ரவரி 14-ல் சுருக்கமா ஒரு சீசன்னு அறிவிச்சாங்க. வழக்கமா செப்டம்பரில் தொடங்குற ஆட்டம். மீன்பிடித் தடைக்காலம்னா காசிமேட்டில் 61 நாள், அரசு நிவாரணமும் உண்டு. இந்தத் தடைக்காலத்துக்கு நாளும் தெரியலை, நிவாரணமும் இல்லை.

அந்த ஆகஸ்டில் எங்க தெருப் பையன் ஒருத்தன், 20 வயசு, நல்ல ஸ்டாப்பர் பேக், ஒரு ஸ்போர்ட்ஸ் கோட்டா நோட்டிஃபிகேஷனை எடுத்துக்கிட்டு மேலே சொன்ன அண்ணன் வீட்டுக்குப் போனான். நானும் இருந்தேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை படிச்சார். ஃபுட்பாலுக்கு எத்தனை இடம்னு தேடினார். ஒண்ணு. அதுவும் கோல் கீப்பர்.

"நீ கோலி நிப்பியாடா?"ன்னு கேட்டார். பையன், "பழகிக்கிறேண்ணே"ன்னான்.