ஓர் இலவச நுழைவுச்சீட்டின் கதை



1812, லண்டன். கொல்லர் மகன் மைக்கேல் ஃபாரடேவுக்கு 20 வயது. புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் வேதியியல் சொற்பொழிவுக்குப் பணம் கட்ட வழியில்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் நான்கு சொற்பொழிவுகளுக்குச் சீட்டு கொடுத்தார், இலவசமாக.

கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. 1813-ல் உதவியாளர் வேலை கிடைத்தது. 1825-ல், விளக்கு எரிக்கும் வாயுவை அடைத்த கலன்களில் தங்கிய எண்ணெய்த் திரவத்திலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார். சாயம், நைலான், சலவைத்தூள் என்று பலவற்றுக்கும் இன்று அதுவே மூலப்பொருள்.

இப்போது வேதிப்பொருள் நிறுவனங்களே ஆன்லைனில் இலவசக் கருத்தரங்கு நடத்துகின்றன. வேதியியல் படிக்கும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: சீட்டு இலவசம்தான், குறிப்பெடுப்பது நம் வேலை.